பேசிக்கொண்டபடி

எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி என்றால் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்க்கவே பயப்படுவார்கள். அதற்குக் காரணம் நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு.

லிஃப்ட் பழுது பார்த்துப் பராமரிக்கும் கம்பெனி எங்களுடையது. ஒரு மேனேஜர், ஒரு ஸ்டோர்ஸ்காரர், ஒன்பது மெக்கானிக்குகள், இங்கிலீஷில் கடிதம் எழுத நான் ஒருத்தி. மேனேஜருக்கு ஓர் ஆசை. தன்னிடம் வேலை பார்க்கும் எல்லோரும் இங்கிலீஷில் நாலு வரி தப்பில்லாமல் எழுத வேண்டும் என்பது. ஸ்குரூ டிரைவர் பிடிக்கிறவனுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. அதனால் திங்கட்கிழமைதோறும் மெக்கானிக்குகள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் நான் போர்டில் ஓர் இங்கிலீஷ் சொற்றொடரை எழுதுவேன். அதை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்று பாடம் நடத்துவேன். வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கு ஐந்து வாக்கியம் நோட்டில் எழுதித் தர வேண்டும். நான் சிவப்புப் பேனாவால் திருத்தி மார்க் போடுவேன். சனிக்கிழமை மேனேஜர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுவார். பச்சைப் பேனா அவர் ஒருவருக்குத்தான். வேறு யாராவது பச்சையில் எழுதிவிட்டால் சொத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி பார்ப்பார்.

கையெழுத்துப் போடுவாரே ஒழிய ஒரு வரி படித்ததில்லை. ஒன்பது நோட்டுக்கும் சேர்த்து அவருக்கு ஒரு நிமிஷம் போதும்.

எனக்கு ‘டிக்‌ஷனரி’ என்று பெயர் வைத்தவர் ஸ்டோர்ஸ்காரர். அப்படிக் கூப்பிடும்போது முகத்தைச் சுளித்துக்கொள்வேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; இங்கிலீஷைக் கட்டிக்கொண்டுவிட்டேன் என்பாள் என் தங்கை. அவளும் அவள் கணவரும் மகளும் கீழ்த்தளத்தில், நான் மாடியில். வீட்டைக் கட்டியவன் என்ன நினைத்துக் கட்டினானோ, என் மாடிப்படி அவர்கள் கூடத்தில்தான் இறங்கும். அவர்கள் முகத்தில் விழிக்காமல் நான் தெருவுக்குப் போக முடியாது. இத்தனை வருஷம் அது ஒரு சௌகரியமாகத்தான் இருந்தது.

தங்கையின் கணவரும் எங்கள் கம்பெனியில்தான் மெக்கானிக். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். லிஃப்ட் போகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆள். தமிழில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. இங்கிலீஷ் என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். திங்கட்கிழமைகளில் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். வீட்டில் என்னோடு கிண்டலடிக்கிற மனிதர் அங்கே என் கண்ணைப் பார்க்க மாட்டார்.

அந்த வாரம் நான் போர்டில் எழுதியது ‘ஆஸ் டிஸ்கஸ்டு’. நாம் பேசிக்கொண்டபடி என்று அர்த்தம். எல்லா அலுவலகக் கடிதங்களிலும் வருவதுதான். ஆனால் அதைச் சரியாகப் போடத் தெரிந்தவர்கள் குறைவு என்பது என் கட்சி. இரண்டு விதி சொன்னேன். ஒன்று, உண்மையிலேயே பேசியிருக்க வேண்டும். இரண்டு, பேசியதைத் திரும்ப எழுதக் கூடாது. “உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மறுபடி அதையே சொல்லி உன் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். அதுதான் இந்த வார்த்தையோட மரியாதை” என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே நன்றாக இருந்தது. இரண்டாவது விதியைத் தடித்த எழுத்தில் போர்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

முதல் விதியை அவர்கள் மத்தியானத்துக்குள் மறந்துவிட்டார்கள். ஸ்டோர்ஸ்காரர் முன்பின் தெரியாத ஒரு போல்ட்டுக் கம்பெனிக்கு ‘ஆஸ் டிஸ்கஸ்டு’ என்று ஆரம்பித்துக் கடிதம் போட, அங்கிருந்து எங்களோடு பேசியது யார் என்று போன் வந்தது. இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

புதன்கிழமை தங்கையின் கணவர் மேனேஜர் அறைக்குள் வந்தபோது நானும் உள்ளே இருந்தேன். மேனேஜர் ஏதோ கடிதத்துக்குக் குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பட்டியலில் பதினாலாம் நம்பர் லிஃப்டைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது என்றார் இவர். நாலு மாடிக் கட்டடம். மாடியில் நிற்க வேண்டிய லிஃப்ட் நாலு விரல் கீழே போய் நிற்கிறது, இன்றைக்கு நாலு விரல், நாளைக்கு நாலடியாக இருக்கலாம், உடனே நிறுத்த வேண்டும், மாற்று லைனிங் வந்து பொருத்த இரண்டு நாள் ஆகும் என்றார். அந்தக் கட்டட முதலாளி இன்னும் இரண்டு கட்டடங்களின் பராமரிப்பை எங்களுக்குத் தருவதாக இருந்தார். இந்த நேரத்தில் இரண்டு நாள் லிஃப்டை நிறுத்தினால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று மேனேஜர் கேட்டார். மாசக் கடைசி சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்தார்.

இவர் விடவில்லை. “நான் ஒத்துக்க மாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார். எங்கள் கம்பெனியில் மேனேஜரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த மெக்கானிக்கும் ஒரு லிஃப்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது. சர்வீஸ் அட்டையில் எழுத இடம் கிடையாது. கட்டங்களில் டிக் போடலாம், அவ்வளவுதான். ‘கவனிக்க வேண்டும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார். எந்த லிஃப்டில்தான் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்காது?

பத்து நிமிஷம் கழித்து என் மேஜை பக்கம் வந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ். மேஜையில் பட்டுவிடக் கூடாது என்று கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அவருக்கு எழுத்துல ஒண்ணு போட்டுடுங்க. என் பேர்லயே போடுங்க. லைனிங் தேஞ்சிருச்சு, நிறுத்தணும், ரெண்டு நாள் ஆகும். அவரு மாசக் கடைசிங்கறாரு, நான் ஒத்துக்கல. எல்லாத்தையும் போடுங்க.”

நான் எல்லாவற்றையும் போடவில்லை. அவர் பெயரில் மேனேஜருக்கு ஒரே ஒரு வரி கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினேன்: ஆஸ் டிஸ்கஸ்டு, கைண்ட்லி டூ த நீட்ஃபுல் ரிகார்டிங் லிஃப்ட் நம்பர் ஃபோர்ட்டீன். பேசிக்கொண்டபடி பதினாலாம் நம்பர் லிஃப்ட் விஷயத்தில் வேண்டியதைச் செய்யவும். இவ்வளவுதானா என்று தங்கையின் கணவர் கேட்டார். அந்த முதல் இரண்டு வார்த்தையில் எல்லாம் அடக்கம் என்றேன். இப்போதுதானே பேசினீர்கள், அதையே திரும்ப எழுதினால் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும், மேனேஜருக்குக் கோபம் வரும் என்றேன். அவர் தலையாட்டினார். நான் படித்தவள், சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

மேனேஜருக்குக் கோபம் வருமே என்று பயந்தது அவருக்காக அல்ல, எனக்காக. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அடித்த கடிதம் என்று மேனேஜருக்குத் தெரியும். அன்றைக்கு அவருடைய முறைப்பை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. பயத்துக்கு நான் மரியாதை என்று பெயர் வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, எனக்கு அவ்வளவு சோறுகூடத் தேவைப்படவில்லை. இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நோட்டுகள் வந்தன. அவருடைய நோட்டில் முதல் நாலு வாக்கியமும் பக்கத்து நாற்காலிக்காரனைப் பார்த்து எழுதியவை. ஐந்தாவது அவருடைய சொந்தச் சரக்கு. பெரிய பெரிய எழுத்தில், கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் எழுதியிருந்தார்: ஆஸ் டிஸ்கஸ்டு, லிஃப்ட் ஃபோர்ட்டீன் பிரேக் லைனிங் ஃபினிஷ், லிஃப்ட் ஸ்டாப் டூ டேஸ், மேனேஜர் சார் சே மன்த் எண்ட், ஐ சே நோ.

படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு ‘ஆஸ் டிஸ்கஸ்டு’க்கு அப்புறம் வந்த அத்தனையையும் சிவப்பில் அடித்தேன். ஸ்கேல் வைத்து ஒரே கோடு. ஓரத்தில் ‘டூ லாங்’, ரொம்ப நீளம், என்று எழுதி, நான் அனுப்பியிருந்த ஒரு வரியை மாதிரி வாக்கியமாகப் பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன். ஐந்துக்கு மூன்று மார்க். சனிக்கிழமை மேனேஜர் அடியில் பச்சையில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார். நோட்டுகள் வழக்கம்போல் என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற அலமாரிக்குப் போயின.

அடுத்த வியாழக்கிழமை பதினாலாம் நம்பர் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்று கதவு திறந்தது. அங்கே தையற்கடை வைத்திருக்கிற அம்மா வெளியே கால் வைத்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் லிஃப்டில் இருக்கும்போது லிஃப்ட் கீழே இறங்கிவிட்டது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் பிழைத்தது பெரிய விஷயம் என்றார்கள். தையல் இயந்திரத்தை மிதிக்கிற கால் அது.

அரசுத் துறையிலிருந்து விசாரணை என்று வந்தது. தங்கையின் கணவருடைய லைசென்ஸை அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எழுத்துப்பூர்வமாக எச்சரித்திருந்தால் பொறுப்பு மேனேஜருடையது. எச்சரிக்கவில்லை என்றால் அவருடையது. லைசென்ஸ் நிரந்தரமாகப் போகும், போலீஸ் வழக்கும் உண்டு. வீட்டில் எல்லோரும் தைரியமாகத்தான் இருந்தோம். “அதான் அக்கா எழுத்துல போட்டிருக்காங்களே” என்று தங்கை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடமும் சொன்னாள்.

விசாரணை அதிகாரி ஓர் அம்மாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் பேசுவார். அறையில் ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் மேனேஜர், நடுவில் நான், அந்தண்டை தங்கையின் கணவர். என் ஒரு வரிக் கடிதத்தை அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். இரண்டு முறை படித்தார். இதில் பிரேக் என்றோ நிறுத்தச் சொன்னதாகவோ ஒன்றும் இல்லையே, என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

மேனேஜர் முந்திக்கொண்டார். “லிஃப்டுக்குள்ள லைட்டு ஒண்ணு மினுக்கு மினுக்குனு எரிஞ்சது மேடம். அதை மாத்தறதைப் பத்திப் பேசினோம்.”

பொய்யைக்கூட அவ்வளவு நிதானமாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். தங்கையின் கணவர் எழுந்து நின்றுவிட்டார். பிரேக்கைப் பற்றித்தான் பேசினோம், இந்த அக்காவும் அறையில் இருந்தார்கள், கேளுங்கள் என்றார். நான் அவருக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்டார். சொன்னேன். உறவுக்காரர் வாய்வார்த்தையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, இருந்தாலும் சொல்லுங்கள், என்ன பேசினார்கள் என்றார். மேனேஜர் என் பக்கம் திரும்பவேயில்லை. தன் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை ஏன் எழுதவில்லை? எழுதச் சொன்னாரா, இல்லையா? சொல்லியும் எழுதாமல் விட்டது யார்? நாற்பத்தேழு வயதில், தெரிந்த ஒரே வேலையில், எழுத்துதான் என் சோறு என்று இருந்த என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

“எனக்குச் சரியா ஞாபகம் இல்லை மேடம்” என்றேன்.

அதிகாரி பத்து நாளில் மறுபடி கூடலாம், அதற்குள் மெக்கானிக் தன் விளக்கத்தை எழுதித் தரட்டும் என்றார். வெளியே வந்ததும் தங்கையின் கணவர் நேரே வண்டி நிறுத்தத்துக்குப் போனார். என் ஸ்கூட்டரை நிழலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு வீட்டுக்குப் போகிற வழி தெரிந்திருக்கும்.

அலமாரியில் நோட்டு இருப்பது எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். மறக்கவில்லை. விபத்து நடந்த அன்றே ஞாபகம் வந்தது. நாற்காலியில் சாய்ந்தால் அலமாரிக் கதவு முதுகில் இடிக்கும். உள்ளே மேலிருந்து நாலாவது நோட்டு. நீல மையில் அவருடைய எச்சரிக்கை முழுவதும் இருக்கிறது, விபத்துக்கு ஐந்து நாள் முந்திய தேதியோடு. பச்சை மையில் மேனேஜர் கையெழுத்து. அதைக் கொண்டுபோய் அந்த நீள மேஜையில் வைத்தால் தங்கையின் கணவர் பிழைத்துக்கொள்வார். ஆனால் நடுவில் என் சிவப்புக் கோடு இருக்கிறதே. ஒருத்தி எச்சரிக்கையைப் படித்திருக்கிறாள், படித்துச் சிரித்திருக்கிறாள், ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறாள். பூட்டைச் செய்து, அதன் சாவியைத் தானே விழுங்கிவைத்த கதை என்னுடையது. சொந்தச் செலவில் சூனியம் என்று பையன்கள் சொல்வார்கள், எனக்கு அந்தச் செலவுகூட ஆகவில்லை. கம்பெனி பேனா.

அந்தப் பத்து நாளில் வீடு சுருங்கிக்கொண்டே வந்தது. காலையில் படியிறங்கும்போது கூடத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு வருஷமாக எட்டு மணிக்கு மேல் அவரை வீட்டில் பார்த்தவளில்லை நான். கதவு, ஜன்னல், குழாய் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பழுதே இல்லாத மின்விசிறியைக்கூடக் கழற்றி மாட்டினார். தங்கை என்னைப் பார்ப்பதும் குறைந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி அழுதிருக்கலாம். சாப்பாட்டை மாடிப்படியில் மூன்றாம் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். மகள் மட்டும் ஒருநாள் கேட்டாள், பெரியம்மா, உங்களுக்கு எப்படி மறந்துபோச்சு, எனக்குப் பாடம் மறந்தா திட்டுவீங்களே என்று. நான் குளிக்கப் போவதாகச் சொல்லி மேலே ஏறிவிட்டேன். அன்றைக்கு ஏற்கெனவே குளித்திருந்தேன்.

அலுவலகத்திலும் மூச்சு விட இடமில்லை. மேனேஜர் என்னிடம் என்றைக்குமில்லாத அன்பாக நடந்துகொண்டார். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். லைசென்ஸ் போனாலும் என் தங்கையின் கணவரைக் கைவிட மாட்டாராம். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட்டு, நட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை தருவாராம். வழக்கு பெரிதாகாமல் பார்த்துக்கொள்வாராம்.

“நீங்க ஒண்ணும் பெருசா சொல்ல வேணாம். லைட்டைப் பத்திதான் பேசினாங்கனு ஒரு வரி. ஒரு வரியில எழுதறதுல உங்களை மிஞ்ச ஆள் ஏது?”

அவர் என்னைப் பாராட்டத்தான் சொன்னார். நோட்டு விஷயம் அவருக்கு நினைவிலேயே இல்லை. படித்திருந்தால்தானே நினைவிருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே யோசித்தேன். ஸ்டோர்ஸ் வேலை ஒன்றும் மோசமில்லை, கையில் கிரீஸ் படாது, மழையில் நனைய வேண்டாம் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருதலைக்கொள்ளி எறும்பு என்பது சும்மா ஒரு பேச்சு. நடுவில் சிக்கி ஓடி ஓடிப் பார்க்கிறவருக்குத்தான் குச்சி எவ்வளவு குட்டை என்று தெரியும்.

ஒன்பதாம் நாள் மாலை தங்கையின் கணவர் மாடிக்கு வந்தார். மாடி அறைக்குள் அவர் வருவது அபூர்வம். வாசலிலேயே நின்று ஒரு தாளை நீட்டினார். அதிகாரி கேட்ட விளக்கம். யாரிடமும் கொடுக்காமல் தானே இங்கிலீஷில் எழுதியிருப்பதாகவும், தப்பு இருந்தால் நான் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். என்னிடமே கொண்டுவந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே தாளை வாங்கினேன். சிவப்புப் பேனா மேஜைமேல்தான் கிடந்தது. அதைத் தொடவில்லை.

தாளில் ஒரே ஒரு வரி. ஆஸ் டிஸ்கஸ்டு, ஐ டிட் மை டியூட்டி. பேசிக்கொண்டபடி என் கடமையைச் செய்தேன். கீழே கையெழுத்து.

எழுத்து கோட்டை விட்டு விலகவில்லை. கமா சரியான இடத்தில் இருந்தது. அடித்துத் திருத்திய சுவடே இல்லை. எத்தனை தாளில் எழுதிப் பார்த்தாரோ. திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை நோட்டாக இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.

“மத்ததெல்லாம் எங்க தம்பி? லைனிங், ரெண்டு நாள், மாசக் கடைசி?”

“நீங்கதானே அக்கா சொல்லிக்குடுத்தீங்க. அதைப் போட்டா மத்தது வேணாம்னு.”

குத்திக்காட்டவில்லை. முகத்தில் அந்த ஜாடையே இல்லை. கற்றுக்கொடுத்ததைச் சரியாகச் செய்திருக்கிறோமா என்று கடைசி நாற்காலியிலிருந்து பார்க்கிற அதே பார்வை. எனக்கு அழுகை வந்தது, அவர் முன்னாலேயே அழுதேன். அவர் பதறிப்போய், தப்பு ரொம்ப இருக்கிறதா, வேறு தாளில் எழுதிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். தப்பே இல்லை, நாளைக்கு இதைக் கொடுக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நம்பினாரா என்று தெரியாது. நம்புவதற்கு நான் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். மேலிருந்து நாலாவது நோட்டு. அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஒரு கணம் தோன்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மேனேஜர் வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

அதே நீள மேஜை, அதே மூன்று நாற்காலி. அதிகாரி மெக்கானிக்கின் விளக்கம் எங்கே என்று கேட்டார். நான் நோட்டை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் தள்ளினேன். தங்கையின் கணவர் எட்டிப் பார்த்தார். தன் நோட்டு என்று தெரிந்ததும் அவர் முகம் சிறுத்துப்போயிற்று. என் பக்கம் சாய்ந்து, அதிகாரிக்குக் கேட்கக் கூடாது என்று காதருகில் சொன்னார்.

“அக்கா, அது எதுக்கு? மூணு மார்க் வாங்கினது.”

அதிகாரி தலைமேலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்ததை விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாக உரக்கப் படித்தார். ஐ சே நோ என்பதை முடித்துவிட்டு விரலை எடுக்காமலே நிமிர்ந்தார். நீலம் யாருடையது என்று கேட்டார். இவருடையது என்று தங்கையின் கணவரைக் காட்டினேன். பச்சை? மேனேஜரின் சட்டைப் பையில் பச்சைப் பேனா குத்தியிருந்தது; அதைப் பார்த்துவிட்டு அதிகாரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அது ஹோம்வொர்க் மேடம், நான் படிப்பதேயில்லை என்று மேனேஜர் ஆரம்பித்தார். படிக்காமல் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான் என்றார் அதிகாரி. பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்தச் செவப்பு யாரோடது?”

“என்னோடது. அடிச்சது நான்தான். படிச்சுட்டுத்தான் அடிச்சேன். கடிதத்துல எல்லாத்தையும் எழுதச் சொன்னாரு, நான்தான் எழுதலை.”

உங்கள் பெயரும் இதில் சேரும், வேலையும் போகலாம், தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். தங்கையின் கணவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையை அழுத்திப் பிடித்து உட்கார வைத்தேன். பத்து நாளாகக் கதவுகளையும் குழாய்களையும் கழற்றி மாட்டியதில் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது.

அதிகாரி ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். அன்றைக்கு அந்த அறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்.

“ஒரு வரியில வராது மேடம். இன்னும் ரெண்டு தாள் குடுங்க” என்றேன்.

கொடுத்தார். இங்கிலீஷில் எழுதவில்லை. யார் எங்கே நின்றார், யார் முதலில் பேசினார், நாலு விரல் என்று தங்கையின் கணவர் கையை வைத்துக் காட்டியது, மாசக் கடைசி என்று மேனேஜர் சொன்னபோது என்ன மணி, ஒத்துக்க மாட்டேன் என்று இவர் சொன்னது, கிரீஸ் கையோடு என் மேஜைக்கு வந்து என்னவெல்லாம் எழுதச் சொன்னார், அதில் நான் எதையெல்லாம் எழுதாமல் விட்டேன், எல்லாம் வரிசையாக வந்தது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றுதான் முதல் வரியை ஆரம்பித்திருந்தேன்.